ஏழுமலை கிளச்சைப் பிடித்தான்

இன்ஜின் போர்ட் அளவு கேட்டு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் புதுச்சேரிப் பக்கத்துக்காரர்கள். எங்கோ ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியைத் தேடி வாங்கி, ரேஸ் ஓட்டுவதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்பார்கள். "எக்ஸாஸ்ட் போர்ட்ட எத்தினி மில்லி தூக்குனீங்க சார்?" என்று கேட்பார்கள். சொல்லிவிடுவேன், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கடைசியில் எல்லோரும் ஒரே கேள்விக்கு வருவார்கள்.

"நீங்க பண்ண அந்த வண்டி இப்ப எங்க சார் இருக்குது?"

"வித்துட்டாங்க" என்பேன்.

உண்மைதான், விற்றுவிட்டார்கள். ஆனால் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுவல்ல. விழுப்புரத்தில் அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உடன் வேலை செய்தவர்கள் மலர் ஒன்று போடுகிறார்கள், 'உங்க ரேஸ் வண்டி கதைய எழுதிக் குடுங்க சவரி' என்று கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது வேறு மாதிரிக் கதையாக இருக்கும். என்னிடம் இருப்பது இதுதான்.

பத்தாவதில் தேறவில்லை. விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் ஒரு ஷெட்டில் மூன்று வருடம் ஸ்கூட்டர் கழுவி, பிரேக் ஷூ மாட்டி, கார்புரேட்டர் பிரிக்கக் கற்றேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் வேதாசலம் சாரின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

வேதாசலம் சார் பாலிடெக்னிக் படித்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டைதான் போடுவார், அதில் ஒரு கறை பார்த்ததில்லை. இன்ஜினைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். வேலை முடிந்துதானே கழுவுவார்கள் என்று முதல் நாள் நான் சிரித்தேன். "இது உள்ள மண்ணு பூந்தா உன் வயித்துல கண்ணாடி பூந்த மாதிரி" என்றார். அன்றிலிருந்து நானும் கழுவினேன். அவர் குரல் உயர்ந்து கேட்டதே இல்லை. வேலை பிடித்திருந்தால் 'நீ' என்பார். பிடிக்கவில்லை என்றால் அதே குரலில் 'நீங்க' என்பார். "நீங்க போய் டீ சாப்ட்டு வாங்க" என்று அவர் சொன்னால் ஒர்க்‌ஷாப்பில் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அப்படி ஒரே ஒரு முறை கேட்டவன் ஒரு வாரத்துக்குத் தூங்கமாட்டான்.

அவர் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் அப்படி இல்லை. எனக்குத் தெரிந்த தொழிலில் பாதிக்கு மேல் அவர் கையைப் பார்த்துக் கற்றது.

அந்த வண்டி முன்னூற்றைம்பது சி.சி., இரட்டை சிலிண்டர். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். லாரியின் பின்னால் மோதி, முன் ஃபோர்க் வளைந்து, ஒரு காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் கிடந்ததை ஏலத்தில் எடுத்து வந்தார். "இத சோழவரத்துக்குக் கொண்டு போறோம்" என்றார். சென்னைக்கு வடக்கே, சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில்தான் அந்தக் காலத்தில் ரேஸ் நடக்கும். திண்டிவனத்திலிருந்து ஒரு வண்டி அங்கே போய் ஓடும் என்று யாரும் நினைத்ததில்லை.

ஒன்பது மாதம் ஆயிற்று. ஒர்க்‌ஷாப் வேலை முடித்து, சாயங்காலம் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுநாள்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகள்தான் எல்லாம். அவற்றைத்தான் போர்ட் என்போம். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அவற்றைத் திறந்து மூடுகிறது. எந்த ஓட்டை எப்போது திறக்கிறது என்பதை மாற்றினால் வண்டியின் குணமே மாறிவிடும். சிலிண்டருக்குள் ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டி வைத்து, கிரீஸ் தடவிய கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்துவேன். தாளை எடுத்து விரித்தால் ஓட்டைகள் அப்படியே படமாக விழுந்திருக்கும். சார் அதன்மேல் பென்சிலால் புதுக் கோடு போடுவார். அந்தக் கோடு வரை நான் அரத்தால் ராவ வேண்டும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை ஒன்றரை மில்லிமீட்டர் உயர்த்த எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. இரண்டு சிலிண்டரும் ஒன்றுபோல வர வேண்டும். கொஞ்சம் அதிகம் போனால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. ராவிய விளிம்பைக் கூராக விட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். அதனால் உப்புத்தாளால் தேய்த்து, நாக்கால் தொட்டுப் பார்ப்பேன். விரலுக்குத் தெரியாத பிசிறு நாக்குக்குத் தெரியும்.

சைலன்சர் இரண்டையும் கழற்றிவிட்டு, தகட்டை வெட்டிக் கூம்பு கூம்பாக உருட்டி, கேஸ் வெல்டிங்கில் ஒட்டிப் புதுக் குழாய் செய்தோம். ஆயில் பம்பையும் எடுத்துவிட்டோம். ரேஸில் அதை நம்பக்கூடாது என்றார் சார். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவது என்று முடிவு. இருபது லிட்டருக்கு ஒரு லிட்டர். கலப்பது என் வேலை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். கிளியனூர் ஏழுமலையை நான்தான் அழைத்து வந்தேன்.

ஏழுமலை பால்காரன். குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம், ஏழெட்டு மாடுகள். விடிவதற்குள் தன் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் இரண்டு பால்கேன் கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போவான். நாற்பது லிட்டர் கேன்கள். பால் தளும்பும் கேனோடு வளைவில் வண்டியைச் சாய்த்தால் பால் ஒரு பக்கம் ஒதுங்கி வண்டியை இழுக்கும். அவன் அந்த இழுப்பையே துணைக்கு வைத்துக்கொண்டு வளைப்பான். ஒரு சொட்டு சிந்தாது. அதை ஒருமுறை பின்னால் போய்ப் பார்த்துவிட்டு சாரிடம் சொன்னேன்.

முதல் நாள் எங்கள் வண்டியை ஓட்டிவிட்டு வந்து இறங்கியவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணே, இது இன்னாண்ணே வண்டி? பாதி வேகம் வரிக்கும் எருமை மாதிரி கீது. அப்பால யாரோ முதுவுல எட்டி ஒதைச்ச மாதிரி கீது."

சார் சிரித்தார். "அந்த ஒதை எங்க வருதுன்னு கத்துக்கோ. அதுக்கு மேலயே வெச்சிக்கினு ஓட்டு."

நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. டூ-ஸ்ட்ரோக் எந்த நேரத்திலும் ஜாம் ஆகலாம். பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரில் இறுகினால் பின்சக்கரம் பூட்டுப்போட்டது போல் நின்றுவிடும். அந்தக் கணத்தில் கிளச்சைப் பிடித்தால் சக்கரம் விடுபடும். அதனால் இடக்கையின் இரண்டு விரல் எப்போதும் கிளச் மேல் இருக்க வேண்டும். அவன் அதைப் பால் வண்டியிலேயே பழகினான். மாடு கறக்கும்போதுகூட அந்த இரண்டு விரலும் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவன் அப்பா கோவிந்தசாமி கேலி செய்வார்.

ஜாம் ஆகாமல் காப்பது மெயின் ஜெட் என்ற சிறு பித்தளைத் துண்டு. கார்புரேட்டருக்குள் இருக்கும், சிலிண்டருக்கு ஒன்று. நடுவில் ஊசி நுழையும் துளை. முழு வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது, குளிர்ச்சியும் போகிறது. துளை பெரிதாக இருந்தால் புகையும், கொஞ்சம் மந்தமாக இழுக்கும். சிறிதாக இருந்தால் நன்றாக இழுக்கும், பிறகு பிஸ்டன் உருகும். சரியான அளவைக் கண்டுபிடிக்கப் பிரம்மதேசம் போகும் ரோட்டில் காலை நேரங்களில் ஓட்டிப் பார்த்தோம். முழு வேகத்தில் வந்து, கிளச்சைப் பிடித்து, இன்ஜினை அணைத்து, அப்படியே உருண்டு வந்து நிற்பான். நான் சூட்டோடு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். முனை கருப்பட்டி நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் ஆபத்து. ஆறு நாள் பார்த்து, நூற்று அறுபது எண் ஜெட் என்று முடிவு செய்தோம். எண் குறைந்தால் துளையும் சிறிது. நோட்டில் எழுதினேன். சார் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அவர் வழக்கம் அப்படி.

பிப்ரவரியில் சோழவரம் போனோம். முதல் நாள் மத்தியான வெயிலில் பயிற்சி ஓட்டம். வண்டி நேர்ச்சாலையின் கடைசியில் கொஞ்சம் புகைந்தது, கொஞ்சம் திணறியது. சென்னை வண்டிகள் இரண்டு எங்களைத் தாண்டிப் போயின. அன்று இரவு வரை சார் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ரேஸ். வண்டியை வரிசைக்குக் கொண்டுபோக இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. நான் பெட்ரோல் கலந்து டேங்கை நிரப்பிவிட்டு வந்தபோது சார் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் விரித்த வெள்ளைத் துணிமேல் இரண்டு ஜெட் இருந்தன. குனிந்து எண்ணைப் பார்த்தேன். நூற்று நாற்பது.

"சார், நேத்து மத்தியானம் சூடு. அதான் பொகைஞ்சுது. இப்ப காத்து குளுமையா கீது சார், தானா சரியாயிடும். நூத்தி அறுபதே இருக்கட்டும்."

அவர் நிமிரவில்லை.

"சார், நாப்பது தாங்காது."

"நீங்க போய் டயர் காத்து பாருங்க" என்றார்.

நான் போய் டயர் காற்று பார்த்தேன்.

அந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசைக்குப் போனோம். ஏழுமலை ஏறி உட்கார்ந்தான். நான் பின்டயரில் கேஜை வைத்துக் குனிந்திருந்தேன். அவன் முழங்கால் என் தோளில் பட்டது. அவ்வளவு பக்கம்.

"அண்ணே, எல்லாம் பாத்துட்டீங்கல்ல?"

"பாத்துட்டேன்" என்றேன்.

"ஜெட்ட மாத்திட்டாரு, முழுசா முறுக்காத" என்று சொல்லியிருக்கலாம். சார் ஆறடி தள்ளி நின்றிருந்தார், கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு. சொல்லவில்லை.

நான்காவது சுற்றில் அவன் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். முதல் நாள் அவனைத் தாண்டிய வண்டிகளில் ஒன்றைப் பிடித்துவிட்டான். பெட்ரோல் குறைவாகப் போகும் இன்ஜின் உருகுவதற்கு முன்னால்தான் மிக நன்றாக ஓடும், சத்தம் கம்பி இழுத்த மாதிரி சுத்தமாக வரும். அப்படித்தான் வந்தது. சார் என் தோளைப் பிடித்து "கேட்டியா?" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அடுத்த மூச்சில் அந்தச் சத்தம் அறுந்தது. ஒரு கிறீச்சல். வண்டி குறுக்கே திரும்பி, ஓடுதளத்தின் ஓரம் தாண்டி மண்ணில் இறங்கிப் புரண்டது.

தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இடுப்பிலும் அடி. சார்தான் ஒரு காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னை வண்டியோடு இருக்கச் சொன்னார். நான் ஓடுதளத்தில் நடந்து அந்த இடத்தைப் பார்த்தேன். டயர் தேய்ந்த கருப்புக் கோடு பதினைந்தடி நீளத்துக்கு இருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அவன் புரண்ட இடம் அதற்கு மேலும் அறுபது அடி தள்ளி. அந்த அறுபது அடியில் கோடு இல்லை. அதாவது சக்கரம் மறுபடி உருண்டிருக்கிறது. ஏழுமலை கிளச்சைப் பிடித்திருக்கிறான். ஆனால் அதற்குள் வண்டி குறுக்கே திரும்பிவிட்டது. கடவுளே வந்து ஓட்டியிருந்தாலும் நேராக்க முடியாது.

திண்டிவனம் வந்து இன்ஜினைப் பிரித்தேன். இடது பிளக் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பிஸ்டன் எக்ஸாஸ்ட் பக்கம் உருகி சிலிண்டரில் அப்பியிருந்தது. கிராங்க் பேரிங்கில் ஆயில் பளபளவென்று ஈரமாக இருந்தது. ஆயில் இல்லாமல் ஜாம் ஆகியிருந்தால் பேரிங்தான் முதலில் காய்ந்து நீலம் பாய்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்தேன். சார் வந்து பார்த்தார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். ஜெட் இரண்டையும் மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நாலைந்து நாள் கழித்து ஏழுமலையின் அப்பா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் பையும் கூஜாவும். சார் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "ஆயில் கலக்கறதுல நம்ம பையன் கொஞ்சம் கவனம் தப்பிட்டான்" என்று மெதுவாகச் சொன்னார். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

கோவிந்தசாமி என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"நெஜமாவே மறந்துட்டியா தம்பி?"

அந்த வாரம்தான் பேருந்துக் கழகத்திலிருந்து எனக்கு நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்திருந்தது. ஐந்து வருடம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்ததற்கு முதலாளியின் அனுபவச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். சாரிடம் முன்பே சொல்லியிருந்தேன். "தர்றேன், அவசரப்படாதீங்க" என்றிருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் மேசைமேல் சான்றிதழ் இருந்தது. நல்ல தாளில், தவறில்லாமல் டைப் அடித்து, முத்திரை வைத்து. 'வேலையில் நேர்மையும் கவனமும் உள்ளவர்' என்று ஒரு வரி. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கல்யாணம் செய்தேன், வீடு கட்டினேன், இரண்டு பெண்களைப் படிக்கவைத்தேன். சார் அடுத்த வருடமே வண்டியை விற்றுவிட்டார். ரேஸ் பக்கம் அவர் மறுபடி போகவில்லை. ஏழுமலையை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார் என்று கேள்விப்பட்டேன். நான் ஒருமுறைகூடப் போகவில்லை. கிளியனூர் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினால் சன்னல் பக்கம் உட்காரமாட்டேன்.

வேதாசலம் சார் இறந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்று, ஓய்வூதியம் கைக்கு வரத் தொடங்கிய பிறகுதான் ஏழுமலையைத் தேடிப் போனேன். இனி யாரும் எதையும் பிடுங்க முடியாது என்று உறுதியான பிறகு. என் தைரியத்தின் அளவு அவ்வளவுதான்.

அவன் மாட்டுக்கொட்டகையில் இருந்தான். இடது கால் இரண்டு அங்குலம் குட்டை, கோலூன்றி நடந்தான். முதலில் அடையாளம் தெரியவில்லை, பிறகு முகம் மலர்ந்தது.

"சவரி அண்ணனா? வாங்கண்ணே, வாங்க! இன்னாண்ணே இப்படி நரைச்சிட்டீங்க?"

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஜெட் மாற்றியது, நான் டயர் பார்த்தது, பேரிங்கில் ஆயில் இருந்தது, கருப்புக் கோடு பதினைந்தடியில் நின்றது. அவன் கேட்டுக்கொண்டே ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தான்.

"அப்போ நான் கிளச்ச புடிச்சனா?"

"புடிச்ச ஏழுமல. அதுல சந்தேகமே இல்ல."

மாடு ஒன்று அவன் தோளை முகர்ந்தது, தள்ளிவிட்டான்.

"ஆஸ்பத்திரில இருக்க சொல்ல வேதாசலம் சாரு சொன்னாரு. கிளச்ச புடிச்சிருந்தா தப்பிச்சிருப்ப ஏழுமலன்னு. எனக்கு அந்த நேரம் எதுவுமே ஞாபகம் இல்லண்ணே. சரி, நாமதான் வுட்டுட்டோம் போலன்னு நெனச்சிக்கினேன்."

"உங்கப்பாகிட்ட வேற மாதிரி..."

"தெரியும். எங்கப்பா சாவுற வரிக்கும் சொல்லிக்கினு இருந்தாரு, அந்த சவரி ஆயில் ஊத்தாம வுட்டுட்டான், அவன்தான் உன் கால ஒடிச்சான்னு. நான் ஒத்துக்கவே இல்ல. அந்த அண்ணன் தப்பு பண்ண மாட்டாரு, நான்தான் கிளச்ச வுட்டேன்னு அவர்கிட்ட சண்ட போடுவேன். ஒருதபா வாய்ச்சண்ட முத்திப்போயி ஒரு வருசம் பேசாம இருந்தோம், ஒரே வூட்ல. உங்களுக்காக."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவரும் பூட்டாரு. இப்ப வந்து சொல்றீங்களே அண்ணே, இத நான் எங்க வெச்சிக்கறது?"

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"அதெல்லாம் வேணாம். ஊர்ல எல்லாரும் கிளச்ச வுட்டவன்னுதான் சொல்றானுங்க. நானே சொல்லி வெச்சது. ரோட்டுல டீக்கடை கீது, அங்க போயி சொல்லுங்க. ஏழுமலை சரியாத்தான் ஓட்டனான்னு சொல்லிட்டுப் போங்க. இனிமே இங்க வராதீங்க."

போனேன். கடையில் என் வயதொத்த இரண்டு பேர் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். டீ சொல்லிவிட்டு, வெட்கத்தை விட்டு, நான் யார் என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். ஒருவர் உச்சுக் கொட்டவும் செய்தார். நான் முடித்ததும் மற்றவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"எல்லாம் சரிங்க. இருந்தாலும் அவன் கிளச்ச புடிச்சிருக்கணும்ல?"

"புடிச்சான்ங்க. அதைத்தான் சொல்றேன். அந்தக் கருப்புக் கோடு பதினஞ்சு அடியில..." என்று மறுபடி தொடங்கினேன்.

திண்டிவனம் பேருந்து வந்துவிட்டது. இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப் போய் ஏறினார்கள்.